உயிலில் என்ன எழுதியிருக்கிறது? – முந்நூறு ஆண்டுக் கதை



மாலையில் நடைப்பயிற்சி முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால், மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், அப்பா ஒரு உயில் எழுதி வைத்தாராம். அண்ணன் கையில் இருக்கிறதாம். கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இறந்தவர்களின் கணக்குகளை முடித்துக் கொடுக்கும் மேசையில் பல ஆண்டு இருந்ததால், இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் கதையைத் தேடிப் படிக்கும் ஆர்வம் வந்தது. படித்ததைச் செய்தி மடல் வழியாக உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். கதை கொஞ்சம் பழையது. ஆனால் இன்று நம் பிளாக்கில் நடக்கும் சண்டைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சொல்லே வெளியூர்ச் சரக்கு

'உயில்' என்பது ஆங்கிலத்தின் 'வில்' நம் நாக்கில் புரண்டு வந்த வடிவம். 'மரண சாசனம்' என்று ஒரு சொல் இருந்தாலும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல் வெளியிலிருந்து வந்தது போலவே, இந்துக் குடும்பங்களுக்கு அந்த ஏற்பாடும் வெளியிலிருந்துதான் வந்தது.

நம் பக்கத்தில் செல்லுபடியான மிதாட்சர முறைப்படி, மகன் பிறந்த அன்றே குடும்பச் சொத்தில் அவனுக்குப் பங்கு வந்துவிடும். தகப்பனார் கண்ணை மூடினால், அவர் பங்கு மீதியுள்ள பங்காளிகளிடம் போய்ச் சேரும். செத்த பிறகு சொத்து யாருக்கு என்று ஒருவர் தனியாக எழுதி வைக்க அங்கே இடமே இல்லை. முஸ்லிம்களுக்கு மரண சாசனம் ஆதியிலிருந்தே உண்டு. ஆனால் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது என்ற வரம்பும் கூடவே உண்டு.

கோட்டைக்குள் வந்த உயில்

சென்னையில் உயிலுக்கு முறையான நீதிமன்றம் கிடைத்தது 1726 ஆம் ஆண்டில். முதலாம் ஜார்ஜ் மன்னர் கொடுத்த சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் மேயர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. இறந்தவரின் உயிலை மெய்யென்று ஏற்று 'புரொபேட்' வழங்கும் அதிகாரம் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது.

இதற்குக் காரணம் எளிமையானது. கம்பெனி வேலைக்காகக் கப்பலேறி வந்த ஆங்கிலேயர்கள் இங்கே காய்ச்சலிலும் பேதியிலும் சாதாரணமாக இறந்து போனார்கள். இறந்தவரின் சாமான்களை விற்று, கடனைத் தீர்த்து, மீதியைச் சீமையில் இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ அனுப்ப வேண்டும். அந்தத் தாய் ஆறு மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் இருக்கிறாள். மகன் என்ன எழுதி வைத்தான் என்று அவள் தெரிந்துகொள்ள ஒரே வழி, உயில் ஓர் அலுவலகத்தில் பதிவாகி, அதன் நகல் லண்டன் போய்ச் சேருவதுதான். அப்படிப் போன உயில்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. சென்னையில் இறந்த தம் மூதாதையரைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் அவற்றைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 'உயிலில் என்ன இருக்கிறது என்பதை வீட்டில் இல்லாதவரும் தெரிந்துகொள்ள வேண்டும்' என்ற எண்ணம் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. உயிலைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து அதிகாரம் செய்வது நாம் பிற்பாடு பழகிக்கொண்ட வழக்கம்.

இங்கிலாந்திலேயே 1858 வரை இந்த வேலையைச் சர்ச் நீதிமன்றங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு முதல் அது அரசு நீதிமன்றத்துக்கு வந்தது. மெய்ப்பிக்கப்பட்ட எல்லா உயில்களுக்கும் ஆண்டுவாரியாக ஒரே அட்டவணை போட்டார்கள். கட்டணம் கட்டினால் யாருடைய உயிலின் நகலையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி நாடு முழுமைக்கும் ஒரே அட்டவணை நம்மிடம் இல்லை. நம் தலைவலியில் பாதி அதனால் வருவது.

பச்சையப்பர் எழுதி வைத்தது

சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் பச்சையப்பன் கல்லூரி தெரியும். அந்தக் கல்லூரி ஓர் உயிலிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பச்சையப்ப முதலியார் 1754 இல் பிறந்தவர். தகப்பனார் முகம் பார்க்காத பிள்ளை. நாராயண பிள்ளை என்ற பெரியவரின் ஆதரவில் சென்னையில் வளர்ந்து, துபாஷாகத் தொழில் செய்து, தஞ்சாவூர் வரை கொடுக்கல் வாங்கல் நடத்திப் பெரும் செல்வம் சேர்த்தார். 1794 மார்ச் மாதம், நாற்பது வயதில், திருவையாற்றில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு தம் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் எழுதி வைத்தார்.

அதன் பிறகு நடந்தது நமக்குப் பழக்கமான கதை. உறவினர்களுக்குள் சண்டை, வழக்கு. பணம் ஓரிடத்தில், காகிதம் ஓரிடத்தில். தருமம் நடக்கவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இதைக் கையில் எடுத்து, சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போனார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் தொடர்ந்து முயன்றார். நீதிமன்றம் திட்டம் வகுத்து, அறக்கட்டளை அமைந்து, வட்டியோடு பெருகியிருந்த பணத்தில் ஒரு பகுதி கல்விக்கு ஒதுக்கப்பட்டது. 1842 இல் பள்ளி தொடங்கியது. 1889 இல் அது கல்லூரி ஆனது.

எழுதியவர் இறந்து பள்ளி திறக்க 48 ஆண்டுகள்! அதற்குள் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் படிக்காமலேயே வளர்ந்திருப்பார்கள். உயிலில் என்ன இருக்கிறது என்பதை உறவுக்கு வெளியே ஒருவர் கேட்டதால்தான் தருமம் பிழைத்தது.

நகரத்துக்கு ஒரு சட்டம், வெளியூருக்கு ஒரு சட்டம்

பச்சையப்பர் காலத்தில் இந்து உயில் செல்லுமா என்பதே தெளிவாக இல்லை. கோட்டையை ஒட்டிய சென்னை நகரத்தில் ஆங்கில முறை நீதிமன்றம் உயில்களை ஏற்றுக்கொண்டது. நகர எல்லையைத் தாண்டினால் நிலைமை வேறு. 1829 ஆம் ஆண்டின் சென்னை ஐந்தாம் ரெகுலேஷன், இந்து எழுதிய உயிலுக்கு இந்து சாஸ்திரம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் பலம் கிடையாது என்று சொல்லிவிட்டது.

1856 இல் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு வழக்கில்தான், இந்து ஒருவர் உயிருடன் இருக்கும்போது தானமாகக் கொடுக்கக்கூடிய சொத்தை உயிலாகவும் எழுதலாம் என்பது உறுதியாயிற்று. அதன் பிறகு 1870 இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், நீதிமன்றத்தில் புரொபேட் வாங்க வேண்டும் என்ற விதிகள் அதன் மூலம் இந்துக்களுக்கும் வந்தன. ஆனால் எங்கே? வங்காளத்திலும், சென்னை, பம்பாய் ஆகிய இரண்டு நகரங்களிலும் மட்டும்!

1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்தப் பழைய எல்லைக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் எல்லா இந்து உயில்களுக்கும் இரண்டு சாட்சிகள் கட்டாயம் என்று நாடு முழுவதும் ஆனது. புரொபேட் கட்டாயம் என்பது மட்டும் பழைய நகர எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. மயிலாப்பூர் வீட்டுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும், செங்கல்பட்டு வீட்டுக்கு வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் பேசிக்கொண்டதற்கு இதுதான் காரணம். (இந்த விதியின் இன்றைய நிலையை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு மேலே செல்லுங்கள். சட்டங்கள் திருத்தப்படும், செய்தி மடல் அப்படியே இருக்கும்.)

புரொபேட் செலவு பிடித்த வேலைதான். அதில் ஒரு நன்மை இருந்தது. மனு போட்டால் அசல் உயிலை நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். நெருங்கிய வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும். அண்ணன் காட்டாத காகிதத்தை நீதிமன்றம் காட்டிவிடும்.

தாகூர் வீட்டு வழக்கு

உயிலைப் படித்துப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, கல்கத்தாவிலிருந்து ஓர் உதாரணம். பிரசன்ன குமார் தாகூர் பெரிய வக்கீல், பெரிய ஜமீன். அவருடைய ஒரே மகன் ஞானேந்திர மோகன் 1851 இல் கிறிஸ்தவர் ஆனார். 1868 இல் தகப்பனார் இறந்தபோது, மகனுக்கு ஒன்றும் இல்லை என்று உயில் சொன்னது. சொத்து முதலில் உறவினர்களுக்கு, பிறகு அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு என்று வரிசையாக எழுதியிருந்தார்.

மகன் வழக்குப் போட்டார். 1872 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: எழுதியவர் இறக்கும்போது பிறந்தே இராத ஒருவருக்கு இந்து சட்டப்படி சொத்து எழுத முடியாது. எனவே முதல் உறவினருக்குத் தந்த ஆயுள்கால அனுபவம் மட்டும் செல்லும். அதற்குப் பிந்தைய ஏற்பாடுகள் செல்லாது. மீதி உரிமை வாரிசான மகனுக்கே திரும்பும். சட்டம் தெரிந்த தகப்பனார் எழுதிய உயிலிலேயே செல்லாத பகுதி இருந்தது. 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மகன் பேசாமல் இருந்திருந்தால், அது வெளியே வந்திருக்காது.

பதிவு அலுவலகத்தின் மூன்றாம் புத்தகம்

இனி நம் கைக்கு எட்டும் இடத்துக்கு வருவோம். 1864 இல் பத்திரப் பதிவுச் சட்டம் வந்தது. பல முறை திருத்தி எழுதப்பட்டு, 1908 ஆம் ஆண்டுச் சட்டமாக இன்றும் நடக்கிறது. அதில் உயிலுக்குத் தனி இடம் உண்டு. நிலம், வீடு சம்பந்தமான பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் பதிவாகும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில்.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். நம்மில் பலர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, "உயில் ஒன்றும் இல்லை சார், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள். வில்லங்கச் சான்று முதலாம் புத்தகத்திலிருந்து வருவது. மூன்றாம் புத்தகத்தில் இருக்கும் உயில் அதில் தெரியாது. தவறான லெட்ஜரைப் பார்த்துவிட்டு, கணக்கே இல்லை என்று சொல்வது போலத்தான் இது.

அந்தச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு ஓர் அழகான விதியைச் சொல்கிறது. உயில் எழுதியவர் உயிருடன் இருக்கும் வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான். அவர் இறந்த பிறகு, விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் கொடுக்க வேண்டும். மகனா, மகளா, உயிலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. இருக்கும்போது அவர் ரகசியத்துக்குக் காவல்; போன பிறகு எல்லோருக்கும் வெளிச்சம். நூறு ஆண்டுக்கு முன் எழுதியவர்கள் மனிதரை நன்றாகப் புரிந்து எழுதியிருக்கிறார்கள்.

உயிலை ஒட்டிய உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதியும் அதே சட்டத்தில் உண்டு. எழுதியவர் இறந்த பின் ஒருவர் விண்ணப்பித்தால், பதிவாளர் அவர் முன்னிலையில் உறையைப் பிரித்து, மூன்றாம் புத்தகத்தில் நகல் எடுத்துவிட்டு, அசலைத் தம்மிடமே வைத்துக்கொள்வார்.

கவுண்டரில் பார்த்தது

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டு முன்பு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் என் மேசைக்கு வந்தார். அவருடைய அப்பாவின் டெபாசிட்டுகளுக்கு அண்ணன் நாமினி. லாக்கருக்கும் அண்ணனே நாமினி. "அப்பா எல்லாத்தையும் எனக்கு எழுதிட்டார்" என்று அண்ணன் சொல்லிவிட்டார், உயிலைக் காட்டவில்லை. அந்த அம்மாள் சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை: "எனக்குப் பணம் வேண்டாம் சார். அப்பா என் பேரை எழுதினாரா இல்லையான்னு தெரிஞ்சா போதும்."

எங்களிடம் உயில் இல்லை. வங்கிக்கு அதைத் தேடும் வேலையும் இல்லை. அப்பா குடியிருந்த பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தைத் தேடச் சொல்லி மனு கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அங்கே இல்லை. அப்பாவின் சொந்த ஊர் அலுவலகத்தில் கிடைத்தது. வீடு அண்ணனுக்குத்தான். கடைசி ஒன்பது வருடம் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்று காரணமும் எழுதியிருந்தார். அதற்கடுத்த வரியில், லாக்கரில் உள்ள அம்மாவின் நகைகள் மகளுக்கு என்று இருந்தது. அந்த வரியைத்தான் அண்ணன் சொல்லவே இல்லை.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் மீண்டும் வந்தபோது, வீடு அண்ணனுக்குப் போனதில் அவருக்குக் குறையே இல்லை. "நியாயம்தான் சார், அவன்தான் பார்த்தான்" என்றார். நகை கைக்கு வர மேலும் ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் அப்பா தன்னை மறக்கவில்லை என்ற செய்தி ஒரு சின்னக் கட்டணத்தில் கிடைத்துவிட்டது.

இங்கே நாமினி பற்றி ஒரு வார்த்தை. வங்கிக் கணக்குகளுக்கு நாமினி வசதி 1980களில் வந்தது. வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதற்கான ஏற்பாடு அது. வாங்கும் நாமினி அதை உரிய வாரிசுகளுக்காகவே வாங்குகிறார். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1984 இலும், வங்கி டெபாசிட் விஷயத்தில் 2010 இலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாமினி என்பதால் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

தேடுபவர்களுக்கு

சினிமாவில் வருவது போல, பதினாறாம் நாள் வக்கீல் ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து உயிலைப் படிக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. நீங்கள்தான் தேட வேண்டும். நான் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. இறப்புச் சான்றிதழ் நகலுடன், சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தைத் தேடி நகல் தரும்படி மனு கொடுங்கள். குடியிருந்த பகுதி, சொந்த ஊர், சொத்து இருக்கும் ஊர், பிள்ளைகள் வீட்டில் தங்கியிருந்த ஊர் – நான்கையும் பாருங்கள். உயிலை எந்த அலுவலகத்திலும் பதிந்திருக்கலாம்.

2. ஒட்டிய உறை ஏதும் உள்ளதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

3. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்ததும் உயில்தான். எனவே பதிவு அலுவலகத்தில் இல்லை என்றால் உயிலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். லாக்கர், பழைய டைரி, குடும்ப வக்கீல், ஆடிட்டர், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய நண்பர் என்று விசாரியுங்கள்.

4. யாராவது புரொபேட் மனு போடப் போகிறார் என்று தெரிந்தால், முன்கூட்டியே நீதிமன்றத்தில் கேவியட் போடலாம். உயில் ஒருவர் கையில் இருப்பது தெரிந்தால், அதைக் கொண்டு வரும்படி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

5. நகல் கிடைத்தால் தேதியைப் பாருங்கள். பதிவு செய்த உயிலையும் பிற்பாடு எழுதிய பதிவில்லாத உயில் ரத்து செய்ய முடியும். கடைசி உயில்தான் பேசும்.

6. சந்தேகம் இருந்தால், உயிலை ஆதாரமாகக் காட்டுபவர்தான் அது மெய் என்று நிரூபிக்க வேண்டும். சாட்சிகளில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதை விளக்கித் தீர்க்கும் பொறுப்பும் அவருடையதே. 1959 இல் வெளியான வெங்கடாசல ஐயங்கார் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்கு இன்றும் வழிகாட்டி.

எழுதி வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். உயிலில் யாருக்கு என்ன என்பதை இப்போதே சொல்ல வேண்டாம். அது உங்கள் உரிமை. உயில் ஒன்று இருக்கிறது, எந்தத் தேதி, எந்த அலுவலகம் அல்லது யார் கையில் என்ற மூன்று விவரத்தை மட்டும் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுங்கள். வெளியூர்ப் பெண்ணுக்கும் சொல்லுங்கள். யாருக்காவது குறைவாக எழுதியிருந்தால் ஏன் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். காரணம் தெரிந்த குறையைப் பிள்ளைகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள்.

உங்களில் யாருக்காவது மூன்றாம் புத்தக மனு எழுத உதவி தேவைப்பட்டால், மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சில் என்னைப் பார்க்கலாம். மனு எழுதித் தருவேன். தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டேன்.